சும்மா வந்த உப்பு

அந்த அம்மாள் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் வாங்கிக் கொப்புளித்தாள். வாழைப் பாத்தியில் துப்பினாள். "இது இன்னாம்மா தண்ணி?" என்றாள். கேள்வி என் அம்மாவுக்கு, பார்வை என் மேல். நான் மெல்ல மாட்டுக் கொட்டகைப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன்.

அவள் பெண்ணுக்கு அத்தை. பெண்ணின் தகப்பனாரும் அவளும் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு எங்கள் வீடு பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் சீமையில் பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் நிலத்தைப் பார்ப்பதும் மாட்டைப் பார்ப்பதும் பிறகுதான். முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். கரித்தால் பெண் கிடையாது. உப்புக் கிணற்று வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் ஆயுசு முழுக்க இடுப்பில் குடத்தோடு அலைய வேண்டும் என்பது பெண்ணைப் பெற்ற எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு இருபத்தேழு வயது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் எதிரில் வாயைத் திறந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன்பே இரண்டு இடத்துக்காரர்கள் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, வெற்றிலைகூடப் போடாமல் போயிருந்தார்கள். அவர்கள் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. இந்தப் பெண் விஷயம் வேறு. இவளை நான் வேலூர் லாங் பஜாரில் பார்த்திருந்தேன். பானைக் கடையில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பானையாக எடுத்து விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இது கீறல், இது வேகல" என்று ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரர், "அம்மா, நீ பானை வாங்க வந்தியா, எனக்குப் பேர் கெடுக்க வந்தியா?" என்று கேட்டும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அவள் தகப்பனாரும் என் நைனாவும் பழைய பழக்கம். பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

அத்தைக்காரிக்கு அம்மா சமாதானம் சொன்னாள்: "கோடையில கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். மழ பேஞ்சா தேறிடும்."

"தேறட்டும். தேறினப்புறம் பேசலாம்."

பெண்ணின் தகப்பனார் இளகின மனசுக்காரர். "ஐப்பசி மழ போகட்டும். வந்து பாக்கறோம்" என்றார். வண்டி ஏறும்போது அத்தை என்னிடம் திரும்பி, "மாப்ள, நீ பேசவே மாட்டியா, இல்ல இந்தத் தண்ணி குடிச்சி வாயி கட்டிப்போச்சா?" என்றாள். வண்டிக்காரன் சிரித்தான்.

ஐப்பசி மழை போவதற்குள் கிணறு தேற வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண் இல்லை. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

எங்கள் கிணறு பிறவியிலேயே உப்பு இல்லை. ஆம்பூர் மலையிலிருந்து ஒரு கானாறு இறங்கிப் பாலாற்றில் விழுகிறது. பெரிய ஆறு ஒன்றும் இல்லை. மழைக்கு ஓடும், மற்ற நாளில் மணலுக்கு அடியில் ஊறும். அந்த ஊற்றுத்தான் கரையோரக் கிணறுகளுக்கெல்லாம் தாய். மலைக்கும் எங்களுக்கும் நடுவில் கானாற்றங்கரையில் ஒரு தோல் ஷாப்பு. தோல் பதனிடுகிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஷாப்புக்குக் கீழே சித்தப்பாவின் நிலம், அதற்குக் கீழே எங்களுடையது. ஷாப்பின் மேஸ்திரி அந்தக் காலத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கூஜாவில் பிடித்துக்கொண்டு போவார். "ஷாப்புத் தண்ணி பட்டை நாத்தம் அடிக்குது" என்பார். பிறகு எப்போதோ வருவதை நிறுத்திவிட்டார். அவர் எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. நான் பிற்காலத்தில் நிறைய யோசித்தேன்.

நைனாவுக்குச் சந்தேகம் சித்தப்பா மேல். அதற்கு அவரிடம் ஒரு நியாயமும் இருந்தது. ஷாப்பினால் கெட்டது என்றால், ஷாப்பை ஒட்டி இருக்கிற சித்தப்பாவின் கிணறு அல்லவா முதலில் கெட வேண்டும்? அது இளநீர் போல இருந்தது. தள்ளி இருக்கிற எங்கள் கிணறு கரித்தது. கிணற்றின் உட்புறக் கல்லில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நைனா நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். சந்தேகமே இல்லை, உப்பு. பாகம் பிரித்த நாளிலிருந்து சித்தப்பாவுக்கு எங்கள் நிலத்தின் மேல் ஒரு கண். போதாதா?

வரப்பில் நின்றுகொண்டு நைனா கேட்டேவிட்டார்: "ஏன்டா, என் கெணத்துல உப்பு போட்டியா?"

சித்தப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "இன்னா போட்டேன்?"

"உப்புடா, உப்பு. கல்லுல பூத்திருக்குது. நக்கிப் பாத்தேன்."

"ஒரு கெணறு கரிக்கணும்னா எத்தினி வண்டி உப்பு கொட்டணும், தெரியுமா உனக்கு? எங்க வூட்ல குழம்புக்கே என் பொண்டாட்டி விரல் நுனியில எடுத்துப் போடறா. சர்க்கார் வரி போட்டு விக்கற உப்ப வாங்கியாந்து உன் கெணத்துல கொட்டறதுக்கு நான் இன்னா ஜமீன்தாரா?"

"பின்ன எப்டிடா உன் கெணறு மட்டும் நல்லாக்கீது?"

"நான் நல்லவன், அதான்."

நைனா மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தார். அன்று முதல் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அம்மா மட்டும், இது மனிதர் செய்ததே இல்லை, யாரோ வைத்த செய்வினை என்று வேப்பிலை கட்டினாள். எனக்குச் சித்தப்பா சொன்ன பதிலில் ஒரு வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. எத்தனை வண்டி உப்பு. வண்டி வண்டியாக உப்பு யாரிடம் இருக்கிறது?

கிணற்றைத் தூர் வாரி நெல்லிக்கட்டை போட்டால் தண்ணீர் இனிக்கும் என்பது பெரியவர்கள் வாக்கு. சித்திரையில் மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தால் தண்ணீரை இறைத்து வற்றச் செய்து, நான் உள்ளே இறங்கினேன். சேற்றை வாரி மேலே அனுப்பிவிட்டு நின்றபோது, சுற்றுச் சுவரில் நாலு பக்கமும் ஊற்றுக் கசிவதைப் பார்த்தேன். சும்மா இருக்கிற நாக்குத்தானே என்று ஒவ்வொரு கசிவாக விரலில் தொட்டு நக்கினேன். சித்தப்பா நிலத்துப் பக்கத்துக் கசிவு நல்ல தண்ணீர். வயல் பக்கம் சுமார். தென்னை மரங்கள் இருக்கிற பக்கத்தில் நாக்கு சுருங்கியது. மறுபடியும் ஒரு சுற்று நக்கிப் பார்த்தேன், அதேதான்.

மேலே ஏறி வந்து தென்னைகளைப் பார்த்தேன். கிணற்றோரம் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் வட்டப் பாத்தி. பாத்தி மண் நீறு பூத்த மாதிரி வெளுத்திருந்தது.

தென்னங்கன்று நடும்போது குழியில் ஒரு பிடி உப்புப் போடுவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற காரியம். காய் பிடிக்காத மரத்துக்கும் இரண்டு பிடி போடுவார்கள். காசுக்கு விற்கிற உப்பு, ஆகவே பிடி அளவோடு நிற்கும். ஜெர்மன் சண்டை வந்ததும் பட்டாளத்துக்குத் தோல் வேண்டுமென்று ஷாப்பில் வேலை ஜாஸ்தியாயிற்று. எங்கிருந்தெல்லாமோ உப்புப் போட்டு மடித்த தோல்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவற்றை முதலில் உதற வேண்டும். உதறினால் உப்பு கொட்டும். இரத்தமும் மயிரும் கலந்த அழுக்கு உப்பு. அது ஷாப்பு வாசலில் குவிந்துகொண்டே போயிற்று. அப்போதுதான் மேஸ்திரி எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிட்டார்: "தென்னைக்கு அருமையான சரக்கு. வண்டி கொண்டாந்து வாரிக்கினு போங்க. துட்டு வாணாம்."

வரி போட்ட உப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஜனங்கள், சும்மா கிடைக்கிறது என்றதும் வண்டி கட்டிக்கொண்டு ஓடினார்கள். நைனாவும் போனார். இரண்டு வருஷமாகப் போனார். ஒரு பிடி போட்ட இடத்தில் ஒரு கூடை போட்டார். சித்தப்பா மட்டும் போகவில்லை. அவருக்கும் தென்னை இருந்தது. அவரைக் கேட்டதற்கு, "சும்மா குடுக்கறவன் வூட்டு மோரைக்கூட நான் குடிக்கமாட்டேன். இன்னைக்குக் குடுப்பான், நாளைக்கு என் வாசல்ல வந்து நிப்பான்" என்றாராம். அவருடைய அந்தக் குணத்தை ஊரே கேலி செய்தது. கிணறு தப்பியது அந்தக் குணத்தால்தான் என்று நான் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் நைனாவிடம் சொன்னேன். சொல்ல எனக்கு வெகு நேரம் பிடித்தது.

"நைனா, மரத்துப் பக்கத்து ஊத்துதான் கரிக்குது."

"அதுக்கு?"

"நாம போட்ட உப்பு..."

"தென்னைக்கு உப்பு போட்டு எவன்டா கெணறு கெட்டுது? என் அப்பன் போட்டான். அவன் அப்பன் போட்டான்."

"அவங்க ஒரு பிடி போட்டாங்க நைனா."

"வாயில்லாத புள்ளைக்கு இப்ப வாய் மொளச்சிட்டுதா? உன் சித்தப்பன் போட்டான்னு நான் சொல்றேன், நீ நானே போட்டேன்றியா?"

அவருக்குச் சித்தப்பாதான் வேண்டும். சொந்தத் தம்பி மேல் வைத்த சந்தேகத்தை விடுவது அவருக்குப் பல்லைப் பிடுங்குவது போல இருந்தது.

இந்த நேரத்தில்தான் உப்பு இலாகா சேவகன் வந்து சேர்ந்தான். கள்ளு வரியும் அதே இலாகாதான். கள்ளு மரங்களுக்கு நம்பர் போட்டிருக்கிறதா என்று பார்க்க அவன் எப்போதாவது வருவான். வந்தவன் எங்கள் தென்னைப் பாத்திகளைப் பார்த்து நின்றுவிட்டான். குனிந்து வெள்ளைப் பொருக்கை எடுத்து நாக்கில் வைத்தான். சர்க்காருக்குத் தெரியாமல் மண்ணிலிருந்து உப்பு எடுப்பது அந்தக் காலத்தில் பெரிய குற்றம்.

"இன்னாய்யா, உப்பு காச்சறியா?"

நைனாவுக்கு உயிர் போய்விட்டது. "ஐயோ சாமி, இது தென்னைக்குப் போட்டது. ஷாப்பில குடுத்தாங்க."

"ஷாப்பில உப்பு தானம் பண்றாங்களா? வா, போய்க் கேப்போம்."

மூன்று பேரும் கானாற்றுக் கரையோடு நடந்து ஷாப்புக்குப் போனோம். மேஸ்திரி சுண்ணாம்புக் குழிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சேவகனுடைய பித்தளை வில்லையைக் கண்டதும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"உப்பா? நாங்களா?" என்றார். "உப்பெல்லாம் தோலோடவே போய்டுதுங்க. கொஞ்ச நஞ்சம் உதிர்றத நாங்களே மண்ணுல பொதைச்சிடறோம். இந்தாள நான் பாத்ததுகூட இல்ல."

எங்கள் கிணற்றில் கூஜா பிடித்த மனிதர். நான் வாசலைப் பார்த்தேன். உப்பு குவிந்திருந்த இடம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. மண் மட்டும் வெளுத்திருந்தது. எங்கே போயிற்று அத்தனை உப்பும்? புதைத்தார்கள் என்றால் எங்கே? சுவருக்குப் பின்னால் கானாற்றை நோக்கி ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அதில் ஒரு பக்கம் சுண்ணாம்புத் தண்ணீர் பால் போல வந்தது, இன்னொரு பக்கம் தோல் ஊறின ஆவாரம்பட்டைத் தண்ணீர் டீ போலக் கலந்தது. தோல் உதறிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளில் ஒருத்தி என்னைப் பார்த்து, "இன்னா மாமா, மூக்கப் புடிச்சிக்கினு நிக்கறே? எங்க வூட்டுக்காரங்க இந்த நாத்தத்துக்குத்தான் எங்களுக்குப் பூ வாங்கித் தர்றதில்ல" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன்.

சேவகன் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, மரத்திலிருந்து இளநீர் இறக்கச் சொல்லிக் குடித்தான். "இளநியும் கரிக்குதேய்யா" என்றான். உண்மையில் கரிக்கவில்லை. பாத்தி மண்ணையெல்லாம் சுரண்டி எறிந்துவிட வேண்டும், அடுத்த தடவை வெள்ளையாக இருந்தால் வேலூர் ஜெயில்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் நைனாவும் சுரண்டினோம். சுரண்டிய மண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கானாற்றில் கொட்டினோம். எங்களுக்குக் கீழேயும் கிணறுகள் இருந்தன. மேலே இருக்கிறவன் எங்களை நினைத்துப் பார்த்ததுபோலத்தான் நாங்களும் கீழே இருக்கிறவனை நினைத்துப் பார்த்தோம்.

அதன் பிறகு எனக்கு யார் சொல்வதும் நம்பிக்கை இல்லை. மேஸ்திரி பொய் சொன்னதைக் கண்ணால் கண்டாயிற்று. நைனாவோ, "ஷாப்புக்காரன் ஏன் புளுகறான்? அவனுக்கும் உன் சித்தப்பனுக்கும் ஏதோ உள்ளாள் வேலை கீது" என்று புதிதாகக் கதை கட்டினார். என் நாக்கை மட்டும் நம்பலாம் என்று தோன்றியது. ஒரு நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கானாற்று மணலில் இறங்கி மேற்கே நடந்தேன். அங்கங்கே மணலைத் தோண்டினேன். ஊறிய தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். எங்கள் நிலத்துக்கு நேரே கரிப்பு. சித்தப்பா நிலத்துக்கு நேரேயும் கரிப்புத்தான். ஷாப்பு வாய்க்காலுக்குக் கீழே வாயில் வைக்க முடியவில்லை, உப்பும் கசப்பும். ஷாப்பைத் தாண்டி மேலே போய்த் தோண்டினால் கற்கண்டுத் தண்ணீர்.

அப்படியானால் எங்கள் கிணற்றைக் கெடுத்தது தென்னை உப்பு மட்டும் இல்லை, ஆறும் சேர்ந்துதான். எது எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் உண்மையைச் சொல்வார்கள் என்றும் தோன்றவில்லை.

அன்றைக்கு மலையடிவாரம் வரைக்கும் போனேன். சின்ன வயதில் ஆடு ஓட்டிய சரிவுகள். மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ஆவாரஞ்செடியில் ஒன்றைக்கூடக் காணவில்லை. ஷாப்புக்குப் பட்டை வேண்டுமென்று வெட்டி உரித்துக் குச்சிகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். செடி போன இடத்தில் மண் சிவப்பாகக் கிழிந்து கிடந்தது. அந்த வருஷம் மழை பெய்தபோது கானாறு செந்தண்ணீராகக் கரை புரண்டு வந்து, சமைத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் வடிந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு மழைக்கு நாள் கணக்கில் ஓடும்.

வழியில் சித்தப்பாவைப் பார்த்தேன். நைனாவுக்குத் தெரியாமல் பேச வேண்டியிருந்தது.

"சித்தப்பா, ஆத்து ஊத்து உன் நிலத்துக்கு நேராவே கரிக்குது. உன் கெணத்துக்கும் வரும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கப்பன் அனுப்பினானா?"

"இல்ல."

"என் கெணறும் கெட்டுப்போச்சின்னு ஊர்ல சொல்லி, என் பொண்ணுக்கு வர்ற வரன தடுக்கப் பாக்கறீங்களா? போடா, போய் உங்கப்பன்கிட்ட சொல்லு, எனக்கும் காது குத்தியாச்சின்னு."

அவர் பேசியதில் எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் கெட்டால் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் கல்யாணம் நிற்கும். ஆகவே தண்ணீர் கெட்டதைக் கரையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஷாப்புக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு என்ன வேண்டும்? இப்போது அவருடைய கிணறும் கரிக்கிறது. அவர் இன்னமும் ஒப்புக்கொள்வதில்லை.

ஐப்பசி மழை பெய்தது. கிணறு நிரம்பியது. நைனா முதல் வாளியைச் சேந்திக் குடித்தார். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "தேவல" என்றார். நான் குடித்தேன். முன்னைவிட மோசம். மண்ணில் தங்கியிருந்த உப்பையெல்லாம் மழை கரைத்துக் கொண்டுவந்து உள்ளே இறக்கியிருந்தது.

அவர்கள் வருகிற நாளுக்கு அம்மா ஒரு யோசனை செய்தாள். சித்தப்பா வீட்டுக்கு யாரும் போக முடியாது. அதனால் வண்ணாத்தியிடம் கெஞ்சி, சித்தப்பா கிணற்றிலிருந்து இரண்டு குடம் கொண்டுவரச் செய்து, எங்கள் சமையற்கட்டில் நிறைத்து வைத்தாள். அத்தைக்காரி வந்தாள், உட்கார்ந்தாள், சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

"இனிக்குது" என்றாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "சொன்னேனில்ல, மழ பேஞ்சா..."

"ரொம்ப இனிக்குது. அதான் பயமாக்கீது."

சொல்லிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் துவரம்பருப்பு இருந்தது. பெண்பிள்ளைகளுக்குத் தெரிந்த சோதனை அது. உப்புத் தண்ணீரிலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் பருப்பு எத்தனை விறகு போட்டாலும் வேகாது. அவள் தானே எழுந்துபோய்க் கிணற்றில் ஒரு வாளி சேந்தினாள். முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். பாதிப் பருப்பை ஒரு சட்டியில் போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றினாள். மீதிப் பருப்பை மறுபடி முடிந்துகொண்டாள்.

"வேகற வரைக்கும் உக்காந்திருப்போம்" என்றாள். "எங்களுக்கு இன்னா அவசரம்?"

எல்லாரும் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் கொதித்தது, நுரைத்தது, சுண்டியது. அவள் மறுபடி ஊற்றினாள். நைனா கனைத்தார். பெண்ணின் தகப்பனார் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, யாரும் பதில் சொல்லாததால் நிறுத்தினார். அவள் ஒரு பருப்பை எடுத்து விரலிடுக்கில் வைத்து அழுத்தினாள். அது எகிறி நைனாவின் மடியில் விழுந்தது.

"அண்ணே, உங்க கெணத்துல பருப்பு வேகல. எங்க பொண்ணு வெந்து போய்டுவா" என்றாள். "கெளம்பலாம்டா தம்பி."

அவர்கள் எழுந்தார்கள். நைனா, "இது எங்க பங்காளி செஞ்ச..." என்று ஆரம்பித்தார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள். வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்தான். நான் கொட்டகை ஓரத்திலிருந்து வெளியே வந்தேன். வந்ததே எனக்குத் தெரியவில்லை.

"கெணறு தேறாது" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நைனா, "டேய்" என்றார்.

"இனிமே தேறாது. கெணறு மட்டுமில்ல, ஷாப்புக்குக் கீழ ஆறே தேறாது. குடிக்கற தண்ணி ஷாப்புக்கு மேலதான் கீது. அத நான் தூக்கியாந்து குடுத்துடறேன். அந்தப் பொண்ணு தூக்க வாணாம்."

என் வாழ்நாளில் அதுவரை நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது கிடையாது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை வீட்டுக்குத் தண்ணீர் சுமக்க மாட்டான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் சுமந்தால் உண்டு. நைனாவுக்கு அவமானம் தாங்கவில்லை. "பொம்பளையாட்டம் குடம் தூக்கறேன்றான் பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தை வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாய் கீது உனக்கு. ஊரு சிரிக்காதா?"

"சிரிப்பாங்க."

"எத்தினி நாளைக்கு தூக்குவே?"

நான் கொட்டகையில் சாத்தியிருந்த காவடிக் கட்டையை எடுத்தேன்.

"பேச்செல்லாம் கல்யாணம் வரைக்கும்தான். ஆம்பளைங்கள நான் பாக்காதவளா? அந்தத் தண்ணியக் கொண்டா. பாக்கறேன்."

இரண்டு குடத்தைக் காவடியில் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அத்தைக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை. நான் பக்கத்துக் கிணற்றில் மொண்டுகொண்டு வந்துவிடுவேன் என்று வண்டிக்காரனைப் பின்னாலேயே அனுப்பினாள். அவன் வழி நெடுக, "மாப்ளே, இந்த வேலைக்கு என்னையே கட்டிக்கலாமே, நான் தண்ணியே குடிக்கறதில்ல" என்று கேலி பேசிக்கொண்டு வந்தான். திரும்பி வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அத்தை முந்தானையில் மீதி இருந்த பருப்பைப் போட்டாள். இந்தத் தடவை மலர்ந்து குழைந்தது. அவள் அதில் உப்புக்கூடப் போடாமல் ஒரு வாய் தின்றாள். பிறகு தம்பியிடம், "நீயே முடிவு பண்ணு. நாளைக்கு என்னை ஏதும் கேக்கக் கூடாது" என்றாள். அவர் முடிவு செய்தார்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. ஊர் என்னைத் தண்ணி மாப்பிள்ளை என்றது. எதிரில் குடத்தோடு வருகிற பெண்கள் வழிவிட்டு நின்று, "போங்க அக்கா, நீங்க மொதல்ல போங்க" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். காவடிக் குடங்களை இறக்கியதும் என் மனைவி ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளி வாயில் வைப்பாள். பிறகுதான் பானையில் ஊற்றுவாள். என்னை அவள் நம்பவில்லையோ என்று முதலில் நினைத்தேன். அவள் தண்ணீரைத்தான் நம்பவில்லை.

மாசி கடைசியில் ஒரு நாள் அள்ளி வாயில் வைத்தவள் கீழே துப்பினாள்.

"எங்க எடுத்தே?"

"அதே எடந்தான்."

"நேத்து மாதிரி இல்ல. ஷாப்புக்குக் கீழயா?"

"மேலதான். சத்தியமா."

"சத்தியமெல்லாம் வாணாம். நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் விடிந்ததும் அவள் தனியாக ஒரு குடம் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். வழக்கமாக நான் தோண்டுகிற ஊற்றுக்குப் போனோம். அவள் தண்ணீரைத் தொடவில்லை. நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். ஷாப்பின் சுவர் இருந்த இடத்தில் இல்லை. மேற்கே இன்னும் தள்ளிப் புதிதாக ஒரு சுவர் எழும்பியிருந்தது. தினமும் தலையைக் குனிந்தே வந்துபோன நான் அதை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அதன் உள்ளே குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கரைச் சரிவில் அழுக்கு உப்பு கொட்டி மேலே லேசாக மண்ணைத் தூவியிருந்தது. சுவருக்கு மேல் மேஸ்திரியின் தலை தெரிந்தது.

"இன்னாம்மா பாக்கறே?" என்று கேட்டார். "இங்க தண்ணி எப்பவும் இப்டித்தான். கோடை வருதில்ல?"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நட" என்றாள் என்னிடம்.

மணலில் மேற்கே நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். ஒரு வளைவில் அவள் உட்கார்ந்து கையாலேயே மணலைப் பறித்தாள். கலங்கல் தெளிகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு அள்ளி வாயில் வைத்தாள், நாக்கில் உருட்டினாள், விழுங்கினாள். நிமிர்ந்து மலையைப் பார்த்தாள்.

"இது பரவால்ல" என்றாள். "ஆனா இன்னுங் கொஞ்சம் மேல போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."